தடை நோட்டீஸ்

உப்புக்கு வரி போட்ட வெள்ளைக்காரனைக் கேலி பண்ணி, திருநெல்வேலிச் சீமையில் ஓர் அச்சாபீஸ் பாட்டுப் புஸ்தகம் போட்டது. டிப்டி கலெக்டர் ராவ்பகதூர் கோதண்டம் ஆளோடு வந்து அத்தனையையும் அள்ளிக் கொளுத்தினார்.

"இந்தப் பாட்டுக்குத் தடைன்னு நீங்களே நோட்டீஸ் அடிச்சுக் கொடுக்கணும். இல்லைன்னா அச்சாபீஸுக்குப் பூட்டு!"

மை உருட்டுகிற சிவனணைஞ்சாள் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எசமான், எந்தப் பாட்டுன்னு தெரியாம போலீஸ்காரவுக யாரைப் புடிப்பாக? பாடுனவன், நான் வேற பாட்டுல்லா பாடுனேன்னு சொல்லிருவானே!"

ராவ்பகதூர் மீசையைத் தடவினார். "சரிதான். பாட்டு முழுசையும் பெரிய எழுத்தில் போடு. நோட்டீஸைக் கிழிச்சவனுக்கு ஆறு மாசம் ஜெயில்னும் போடு!"

போட்டார்கள். சர்க்கார் செலவில், சர்க்கார் முத்திரையோடு ஊரெல்லாம் ஒட்டியாயிற்று. புஸ்தகம் வாங்க வக்கில்லாதவனெல்லாம் சுவரைப் பார்த்துப் பாட்டை நெட்டுருப் போட்டான். போலீஸ் அதட்டினால், "நோட்டீஸ்தான் வாசிக்கோம்" என்றான்.

விஷயம் உறைத்ததும் ராவ்பகதூர் சந்தைக்கு ஓடிவந்து, சுவரிலிருந்த நோட்டீஸைத் தம் கையாலேயே கிழித்தார்.

கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சிவனணைஞ்சாள் நிமிர்ந்து பார்த்தாள். சந்தையே திரும்பும்படி குரல் கொடுத்தாள்:

"ஏட்டையா! இங்கன ஒருத்தரு சர்க்கார் நோட்டீஸைக் கிழிக்காரு, ஓடியாந்து புடிங்க!"