மேலவீதிப் புறாக்கூடம் கீழவீதிப் புறாக்கூடத்தை வாங்கப் போன கதை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ராஜாவுக்குத் தீராத தலைவலி வந்தது. காரணம் புறா.

அந்த நாட்டில் செய்தி கொண்டுவருவதெல்லாம் புறாக்கள்தான். வெளியூர் போகிறவர்கள் கூடையில் எடுத்துப் போவார்கள். அங்கே ஓலைத் துணுக்கைக் காலில் கட்டிப் பறக்கவிட்டால் அது தன் கூட்டுக்குத் திரும்பி வரும். தலைநகரில் இதற்கு இரண்டு பெரிய கூடங்கள் இருந்தன. மேலவீதிக் கூடம் சாத்தப்பருக்குப் பரம்பரைச் சொத்து; அதன் ஏணியில் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. கீழவீதிக் கூடம் வடிவுடையாள் என்ற அம்மாளுடையது. அதை வாங்கி, இடித்துப் போட்டு, புறாக்களைத் தன் கூடத்துக்குக் கொண்டுவரச் சாத்தப்பருக்கு ஆசை. வடிவுடையாள் விற்க மறுத்தாள். ஆனால் ராஜா உத்தரவு போட்டால் அவள் என்ன செய்ய முடியும்?

அதனால் சாத்தப்பர் ராஜாவிடம் போய் உத்தரவு கேட்டார். சபையில் பேச்சு ஆரம்பித்தது. காலையில் வாங்கலாம் என்றவர் சாப்பிட்டுவிட்டு வந்து கூடாது என்றார். இரண்டும் இணைந்தால் வேகம் கூடும் என்றார் ஒருவர். எப்படிக் கூடும் என்று கேட்டால், இணைவதால் என்றார். சொல்கிற எனக்கே எரிச்சல் வருகிறது, உட்கார்ந்து கேட்ட ராஜாவின் பாட்டை என்ன சொல்ல.

"போதும். யாரைக் கேட்டாலும் இதே கதைதான். இனி யாரைத்தான் கேட்பது?" என்றார் ராஜா.

"புறாக்களை இன்னும் கேட்கவில்லை, அரசே," என்றான் சபையின் விகடன் சடையன்.

அமைச்சர் வீரமாணிக்கர் இதற்குத்தான் காத்திருந்தார். கீழவீதி மனையில் குதிரை லாயம் கட்ட அவருக்கு ஆசை. சடையனை நாட்டை விட்டே துரத்த அதைவிட ஆசை. "நல்ல யோசனை, அரசே. நாளை உச்சிப் பொழுதுக்குள் சடையன் புறாக்களிடம் பதில் வாங்கித் தரட்டும். முடியாவிட்டால் அவன் நாட்டை விட்டுப் போகட்டும், கூடம் சாத்தப்பருக்குப் போகட்டும்."

பேச்சு முடிந்தால் சரி என்று ராஜாவும் தலையை ஆட்டிவிட்டார்.

"கீழவீதிப் புறாக்கள் இன்றிரவு சாத்தப்பர் கூடத்தில் தங்கட்டும். நாளை எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் கேட்கிறேன். எங்கே இறங்குகின்றனவோ அதுதான் பதில்," என்றான் சடையன்.

சாத்தப்பருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "என் கூடத்துக்குப் பளிங்குத் தரை போட்டிருக்கிறேன், அரசே. ஒரு ராத்திரி தங்கினால் அப்புறம் எங்கே போகும்?" என்றார். பளிங்குக்கு ஆன செலவைத் தீனியில் குறைத்திருந்ததை மட்டும் அவர் சொல்லவில்லை.

மறுநாள் சபையே மேலவீதியில் கூடியது. சடையன் கூடத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "பெரியோர்களே, உங்களை வாங்கலாமா?" என்று கேட்டுக் கதவுகளைத் திறந்தான். அமைச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இரண்டு வீட்டுப் புறாக்களும் ஒன்றாகக் கலந்து எழுந்து வட்டமடித்தன. அந்த நேரத்தில் கீழவீதி மாடியில் வடிவுடையாள் தினம் செய்வதுபோல முறத்தில் கம்பைக் கொட்டிக் குலுக்கினாள். அவளுடைய புறாக்கள் நேராகப் போய் இறங்கின. கூடவே, அரைவயிற்றோடு பறந்த சாத்தப்பர் புறாக்களும் ஒன்று விடாமல் இறங்கின.

எல்லோரும் கீழவீதிக்கு ஓடினார்கள்.

"அரசே, என் புறாக்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்," என்றார் சாத்தப்பர்.

"நான் ஒண்ணும் புடிச்சு வைக்கலையே ஐயா," என்றாள் வடிவுடையாள் மாடியிலிருந்து. "கூப்பிடுங்க, வந்தா கூட்டிட்டுப் போங்க."

சாத்தப்பர் கையைத் தூக்கினார். புறாவை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் வேறு பக்கம் பார்த்தார்.

"சடையா, புறாக்களின் பதில்தான் என்ன?" என்றார் ராஜா.

"வாங்கலாம் என்றுதான் சொல்கின்றன, அரசே. யார் யாரை என்பதில்தான் நம் சபைக்குக் குழப்பம்."

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விற்பனையும் கிடையாது, இனி அதைப் பற்றிப் பேச்சும் கிடையாது என்று அங்கேயே உத்தரவிட்டு, தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையன் கழுத்தில் போட்டார்.

சாத்தப்பர் மட்டும் மாடியை அண்ணாந்து பார்த்து, "பா, பா, பா" என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கோழி வந்தது.