படிக்கத்தில் கிடந்த மருந்து

சோற்றைப் பார்த்தாலே ஜமீன்தார் சூரப்பருக்குக் குமட்டியது. வைத்தியர்கள் கொண்டுவந்த கஷாயத்தையெல்லாம் அவர்கள் தலையிலேயே கொட்டினார். கடைசியில் சமையல்காரி அங்கம்மாள் மாட்டினாள்.

"மத்தியானத்துக்குள்ள எனக்குப் பசிக்கணும். ஆனா மருந்துன்னு எதுவும் என் தொண்டையில இறங்கக் கூடாது. இறங்கினா உன்னை ஊரைவிட்டே துரத்திடுவேன்!"

அங்கம்மாள் தட்டு நிறைய சுண்டைவற்றலோடு வந்தாள். "எஜமான், கடைக்காரன் இதுல பழசைக் கலந்துட்டான். எது நல்ல கசப்புன்னு சொல்ல உங்க நாக்கை விட்டா வேற நாக்கு ஏது? மென்னு பார்த்துத் துப்பிடுங்க."

புகழ்ந்தால் சூரப்பர் எதையும் மெல்லுவார். மென்றார், முகம் சுளித்தார், படிக்கத்தில் துப்பினார். செரிமானச் சாறு சுரக்கும் கணையம் என்று ஒன்று இருப்பது அங்கம்மாளுக்குத் தெரியாது. ஆனால் நாக்கில் கசப்பு பட்டால் வயிற்றுக்குள் சாறு ஊறிப் பசிக்கும் என்பது தெரியும்.

சற்று நேரத்தில் ஜமீன்தார் வயிறு கடமுடவென்று உருண்டது. "சோறு எங்கே?"

மறுசோறு வாங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஏ அங்கம்மா, அந்த வற்றல்தான் மருந்தா?"

"ஆமா எஜமான். ஆனா தொண்டையில இறங்கலை. எல்லாம் அதோ, படிக்கத்துல பத்திரமா இருக்கு."

சூரப்பர் படிக்கத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். "அது கிடக்கட்டும், ரசத்தை ஊத்து" என்றார்.

ஊற்றிவிட்டு அங்கம்மாள், காலையிலேயே கட்டி வைத்திருந்த தன் துணிமூட்டையை அவிழ்க்கப் போனாள்.