கிளம்ப மறுத்த காரும் தாய்மாமன் மடியும்

ஒரு ஊர்ல ஒரு கிழட்டுக் காரு இருந்துச்சாம். தலகாணியில தலையை வச்சுக்கிட்டே கேளு, எந்திரிச்சு உக்காரக் கூடாது. ம்?

தென்காசிப் பக்கம் ஒரு ஊரு. வெள்ளைக் காரு, வயசாகி மஞ்சளாப் போச்சு. சுடலைமுத்துன்னு ஒருத்தர் அதை வாடகைக்கு ஓட்டிக்கிட்டு இருந்தாரு. கல்யாணமா, ஆஸ்பத்திரியா, ஊருக்கே அந்தக் காருதான். அவரு பொண்டாட்டி பேரு மாரித்தங்கம். செண்பகம்னு ஒரே பொண்ணு, அப்பத்தான் நடக்கப் பழகுது. எதிர்த்த வீட்டுல மாரித்தங்கத்தோட தம்பி தளவாய். அவன் புதுசா ஒரு ஆட்டோ வாங்கி வாசல்ல நிறுத்தினான்.

அப்போ பாத்துத்தான் காருக்கு ஒரு கிறுக்குப் பிடிச்சுது. சாவியைத் திருகினா ஒரு நாளைக்கு "கிர்ர்ர்… ட்ரூம்"னு சமத்தாக் கிளம்பும். இன்னொரு நாளைக்கு "டக்". அவ்வளவுதான். மறுபடி திருகினா அந்த டக்கும் இருக்காது, கம்முனு கிடக்கும். ஏறி உக்காந்த சனமெல்லாம் இறங்கி எதிர்த்தாப்ல போய் ஆட்டோவுல ஏறும். அது "டுபுடுபுடுபு"னு போகும்.

சுடலைமுத்து பாத்துக்கிட்டே நிப்பாரு.

"ஏ மாரி, உன் தம்பி என்னையப் பாத்து ஏன் சிரிக்கான்?"

"அவன் சிரிக்கலங்க. அவன் பல்லே அப்படித்தான்."

"ஆட்டோ வர்ற வரைக்கும் என் காரு நல்லாத்தானே ஓடுச்சு? அவன் ஏதோ செய்யிதான்."

முதல்ல சும்மா சொன்னாரு. அப்புறம் டீக்கடையில சொன்னாரு. அப்புறம் கோயில் வாசல்ல சொன்னாரு. சந்தேகம்னா அப்படித்தான் கண்ணு, சொல்லச் சொல்ல நெசம் மாதிரியே ஆயிரும்.

மெக்கானிக் கோயில்பிச்சை வந்தாரு. பானெட்டைத் தூக்கி, குனிஞ்சு, அங்கங்க ஆட்டிப் பாத்தாரு. சாவியைத் திருகினாரு. "கிர்ர்ர்… ட்ரூம்!" காய்ச்சல்காரப் பிள்ளை டாக்டரைப் பாத்ததும் குதிச்சு விளையாடுமே, அதே மாதிரி.

"நல்லாத்தான இருக்கு? நிக்கும்போது கூப்பிடுங்க," ன்னுட்டுப் போயிட்டாரு.

சுடலைமுத்து அவரு முதுகையே பாத்தாரு. "இவனும் தளவாயும் ஒரே பெஞ்சுல டீ குடிக்கிறவனுக," ன்னாரு. பாத்தியா, மெக்கானிக்கையும் சேத்துக்கிட்டாரு!

ம் கொட்டுதியா, தூங்கிட்டியா? ம்.

அப்போ செண்பகத்துக்குக் காது குத்த நாள் குறிச்சாக. மலைமேல இருக்கிற முருகன் கோயில்ல. காது குத்துன்னா தாய்மாமன் மடியிலதான் பிள்ளையை உக்கார வைக்கணும். உனக்கும் அப்படித்தான் குத்துனோம், உன் மாமன் வேட்டியெல்லாம் நனைச்சு வச்ச. சுடலைமுத்து என்ன சொன்னாரு தெரியுமா?

"தளவாய் வரக் கூடாது. எங்க அண்ணன் மடியில வச்சுக் குத்திக்கலாம்."

மாரித்தங்கம் அவரு முன்னாடி வந்து நின்னா. "தாய்மாமன் இருக்கும்போது வேற மடியா? நாளைக்கு எம்பிள்ளைக்கு நல்லது கெட்டதுக்கு யாரு வந்து நிப்பா?"

"காரைக் கெடுத்தவன் மடி என் பிள்ளைக்கு வேண்டாம்."

"அவன்தான்னு பாத்தீகளா?"

"பிடிக்கிறேன் பாரு."

மாரித்தங்கம் விளக்கு முன்னாடி போய் நின்னா. "முருகா, காரு ஓடினாலும் சரி, ஓடாட்டியும் சரி. பிறந்த வீட்டு வாசலை மட்டும் எனக்கு அடைச்சுராதப்பா," ன்னு கும்பிட்டா.

சுடலைமுத்து காரு கொட்டகையில சுத்திக் கோலமாவைத் தூவி வச்சாரு. தளவாய் வந்தா காலடி விழணும்ல? காலையில பாத்தா மாவு மேல கோழிக்கால் தடம்தான். சாவியைத் திருகினாரு. "டக்."

"கோழியை ஏவி விட்டிருக்கான்," ன்னாரு.

சிரிக்காத. கேளு.

அடுத்து, பானெட்டுக்குக் குறுக்க ஒரு கறுப்பு நூலைக் கட்டினாரு. திறந்தா அந்துரும்ல? விடிஞ்சு பாத்தா நூல் கட்டின மேனிக்கு இருக்கு. சாவியைத் திருகினாரு. "டக்."

"அவுத்து, வேலையை முடிச்சு, அதே முடிச்சைப் போட்டுட்டுப் போயிருக்கான். பெரிய கள்ளன்!"

மூணாவதா, காதுகுத்துக்கு முந்தின நாள் ராத்திரி கொட்டகைக் கதவை உள்பக்கமாப் பூட்டி, சாவியை அரைஞாண்ல முடிஞ்சு, காருக்குள்ளயே படுத்துக்கிட்டாரு. "கொர்ர்… கொர்ர்…"

விடிஞ்சுது. மாரித்தங்கம் பட்டுச்சேலை கட்டிப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து ஏறினா. சுடலைமுத்தோட அண்ணன் குடும்பமும் ஏறுச்சு. கோயில்ல ஆசாரி ஊசியும் கையுமாக் காத்துக்கிட்டு இருக்காரு. சுடலைமுத்து சாமியை நினைச்சுச் சாவியைத் திருகினாரு.

"டக்."

மாரித்தங்கம் மெதுவா இறங்கினா. பிள்ளையை அந்த அண்ணன் பொண்டாட்டி கையில குடுத்தா.

"கதவு பூட்டியிருந்துச்சு. சாவி உங்க இடுப்புல. உள்ள இருந்தது நீங்க ஒருத்தர்தான். இனிமே யாரைச் சொல்லப் போறீக?"

அவரு இடுப்புச் சாவியைத் தடவிப் பாத்தாரு.

"நேத்து காரை என்ன செஞ்சீக? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க."

"என்ன செஞ்சேன்? கழுவினேன். மஞ்சத்தண்ணி தெளிச்சேன். பொட்டு வச்சேன். கண்ணு பட்டுரக் கூடாதுல்ல?"

"பொட்டு எங்க வச்சீக?"

"கண்ணாடியில வச்சேன். சக்கரத்துல வச்சேன். அப்புறம்…" அவரு குரலு இறங்கிப் போச்சு. "பேட்டரியில. அதுதான காருக்கு உசிரு? கம்பியை மாட்டுற பூணைக் கழட்டி, அந்த ஈயக் குமிழுக்குச் சந்தனம் வச்சு, மறுபடி மாட்டுவேன்."

"எப்ப இருந்து?"

"தளவாய் ஆட்டோ வாங்கின நாள்ல இருந்து. காரு நின்னுக்கிட்டே இருந்துச்சா, அதனால இன்னும் கொஞ்சம் கூடக் கூட வச்சேன்."

மாரித்தங்கம் பானெட்டைத் தூக்கச் சொன்னா. அவரு பூணைக் கழட்டினாரு, உள்ள சந்தனம் காஞ்சு, சுண்ணாம்புச் சுவராட்டம் ஒட்டிக் கிடக்கு. கம்பிக்கும் குமிழுக்கும் நடுவுல சந்தனம் உக்காந்திருந்தா கரண்டு எப்படிப் போகும்? ஆட்டிவிட்டா ஒரு ஓரமாத் தொடும், ஓடும். தொடாட்டி நிக்கும். மெக்கானிக் ஆட்டினதும் கிளம்புச்சே, அதுவும் இதனாலதான். சாமி பேரைச் சொல்லி வச்சதுதான், ஆனா சாமியை நம்பி வச்சதில்ல கண்ணு. தளவாய் கண்ணு பட்டுரும்னு சந்தேகப்பட்டு வச்சது.

சுரண்டினாரு. துடைச்சாரு. பூணை இறுக்க முடுக்கினாரு. சாவியைத் திருகினாரு.

"கிர்ர்ர்… ட்ரூம்!"

"ஏறு மாரி, நேரமாச்சு," ன்னாரு.

அவ ஏறல. எதிர்த்த வீட்டையே பாத்துக்கிட்டு நின்னா.

சுடலைமுத்து தலையைச் சொறிஞ்சாரு. துண்டைத் தோள்ல போட்டாரு, எடுத்தாரு. அப்புறம் தெருவைத் தாண்டிப் போனாரு. தளவாய் பழைய கைலியோட வாசல்ல உக்காந்திருந்தான்.

"டக்குனு சத்தம் கேட்டுச்சு. ஆட்டோ வேணும்னு வந்தீகளா மச்சான்?"

"காரு ஓடிக்கிட்டு இருக்கு மாப்ளே. கேக்கலியா?"

தளவாய் காதைக் குடுத்தான். "ட்ருட்ருட்ரு…"

"அப்போ எதுக்கு வந்தீக?"

"உன் மடிக்கு."

தளவாய் எந்திரிச்சு நின்னான். "நான்தான் கெடுத்தேன்னு ஊரு பூராச் சொன்னீகளே மச்சான்?"

"சொன்னேன். நான்தான் கெடுத்திருக்கேன். அதையும் ஊரு பூராச் சொல்லுதேன்."

தளவாய் உள்ள போனான். வேட்டி மாத்திக்கிட்டு, மருமகளுக்குன்னு வாங்கி ஒளிச்சு வச்சிருந்த கம்மலோட வந்தான். காருல ஏறும்போது, "மச்சான், அந்தக் கோழியையும் நான் ஏவி விடல, அதையும் ஊருக்குச் சொல்லிருங்க," ன்னான். மாரித்தங்கத்துக்குச் சிரிப்பு ஒரு கண்ணுல, அழுகை ஒரு கண்ணுல.

கோயில்ல மாமன் மடியில உக்கார வச்சாக. ஆசாரி குத்தினாரு. "வீல்!" சுடலைமுத்து ஓடி வந்து, "என் கண்ணே, அப்பாகிட்ட வா," ன்னு கையை நீட்டினாரு. செண்பகம் அழுகையை நிறுத்திட்டு அப்பனை மேலயும் கீழயும் பாத்தா. நீதான் குத்தச் சொன்னியாங்கிற மாதிரி ஒரு பார்வை. பாத்துட்டு, வெடுக்குனு திரும்பி மாமன் கழுத்தைக் கட்டிக்கிட்டா.

காரு கொட்டகைக்குப் போயிருச்சு, கதை உறங்கப் போயிருச்சு. முருகனை நினைச்சுக்கிட்டு நீயும் கண்ணை மூடு, என் தங்கம்.