ராணி லாவோ

கருவேலங்குளம் ஜமீனுக்கு வடக்கிலிருந்து விருந்தாளிகள் வருவதாக இருந்தது. வாசல் காவலர் பன்னிரண்டு பேருக்கும் இந்துஸ்தானி சொல்லிக்கொடுக்க முன்ஷி சேஷகிரி ராவ் வந்தார். ஒரு தப்புக்கு ஒரு பிரம்படி. மூன்று மாதத்தில் காவலர்கள் வாய் திறப்பதையே விட்டுவிட்டார்கள்.

"எல்லாம் களிமண் தலைகள், மகாராஜா. இவர்களை அனுப்பிவிட்டு வேறு ஆள் வையுங்கள்" என்றார் முன்ஷி, ஜமீன்தாரிடம்.

தண்ணீர் சுமந்துவந்த பேச்சியம்மாளின் புருஷனும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன். அவள் குடத்தை இறக்கிவைத்தாள்.

"எசமான், பத்து நாள் கொடுங்க. நான் பேச வைக்கிறேன்."

"உனக்கு இந்துஸ்தானி தெரியுமா?" என்று முன்ஷி சிரித்தார்.

"அரைகுறையாக் காதுல விழுந்ததுதான் சாமி."

பதினோராம் நாள் ஜமீன்தார் முன்னால் காவலர்கள் முன்ஷி கையிலிருந்த பிரம்பைப் பார்த்தபடி ஊமையாக நின்றார்கள். பேச்சியம்மாள் முன்னே வந்தாள்.

"எசமானுக்குத் தாகமா இருக்கு. ராணி லாவோ!"

பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "ராணி நஹீ! பானி! பானி லாவோ!"

தண்ணீருக்குப் பதிலாக ராணியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டாள் என்று புரிந்ததும் ஜமீன்தார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இவளே தப்பாகப் பேசுகிறாளே!" என்றார் முன்ஷி.

"ஆமா சாமி. நீங்க கொடுத்த வார்த்தையெல்லாம் இவங்ககிட்டே பத்திரமாத்தான் இருந்துச்சு. வெளியே வரத்தான் பயந்துச்சு. நான் பத்து நாளும் தப்பாப் பேசினேன். திருத்தாம இருக்க இவங்களால முடியலே."

ஜமீன்தார் கை நீட்டிப் பிரம்பை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் முன்ஷி வெகுநேரம் தொண்டையைச் செருமினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ராணி லாவோ" என்றார்.

முதலில் திருத்தியவன் பேச்சியம்மாளின் புருஷன்.