அலிபி செய்த இருளப்பன்

முன்னொரு காலத்தில், கழிக்கரை என்ற கடலோர நாட்டை மகுடராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் அவருக்கு ஒரு ஆசை வந்தால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும். ஒரு வருஷம் அரண்மனையில் எல்லோரும் பச்சைத் தலைப்பாகைதான் கட்ட வேண்டும் என்றார். மறுவருஷம் சீமை வார்த்தைகள் மேல் ஆசை வந்தது.

அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர், சபையில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி தாண்டவராயர். பிரெஞ்சுக்காரர் துறைமுகத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்.

"மகாராஜா, அங்கே நியாயஸ்தலத்தில் லத்தீனும் பிரெஞ்சுமாகப் பொழிகிறார்கள். கூண்டில் நிற்கிறவனுக்கு ஒன்றும் புரியாது. அதனாலேயே எல்லோரும் நடுங்குகிறார்கள்!"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "இனி நம் சபையிலும் குற்றத்துக்கெல்லாம் சீமைப் பெயர்தான்!"

மந்திரி அம்பலவாணர் மட்டும் தயங்கினார். "புரியாத சட்டத்துக்கு ஜனங்கள் எப்படிக் கீழ்ப்படிவார்கள், மகாராஜா?"

"தமக்குத் தெரியாத பாஷை என்றால் மந்திரியாருக்குக் கசக்கிறது" என்று துபாஷி சிரித்தார். மந்திரி பதவி மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

இந்தச் சமயத்தில்தான் உப்பளத்தில் வேலை செய்யும் இருளப்பன் மாட்டிக்கொண்டான். ராஜாவின் பட்டத்துக் குதிரை லாயத்திலிருந்து ஓடி, சேற்றில் சிக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டது. லாயத்துக்குக் காவல் துபாஷியின் மைத்துனன். தாழ்ப்பாள் போட மறந்ததை மறைக்க, "இருளப்பன் அவிழ்த்துவிட்டான், என் கண்ணால் பார்த்தேன்" என்று அடித்துச் சொல்லிவிட்டான். உண்மையில் இருளப்பன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. உப்பங்கழிக்கு அக்கரையில் மச்சினி கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். சாப்பிட்ட இருநூறு பேரும் சாட்சி.

ஆனால் சபையில் துபாஷி அவனை வாய் திறக்கவே விடவில்லை. "மகாராஜா, இவன் செய்தது அலிபி! மன்னிக்கவே முடியாத அலிபி!"

"அப்படியென்றால்?"

"தமிழில் சொல்ல நாக்குக் கூசுகிறது. அந்தத் துறைமுகத்தில் கூண்டில் நின்ற களவாணிகள் எல்லாம் 'அலிபி, அலிபி' என்று கதறியதைக் காதால் கேட்டவன் நான். வலது கையை வெட்டுவதே தகும்."

"நாளைக்குத் தீர்ப்பு" என்று ராஜா எழுந்துவிட்டார்.

காவல் அறையில் இருளப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. திருட்டு என்றால் 'நான் திருடவில்லை' என்று சொல்லலாம். அலிபி என்றால் எதை இல்லை என்று சொல்வது? தெரியாமல் எப்போதாவது செய்துதான் விட்டோமோ என்றுகூட யோசித்தான்.

சாயங்காலம் மந்திரி வந்தார். "இருளப்பா, நாளைக்கு ராஜா கேட்டால், 'ஆமாம், அலிபிதான்' என்று ஒத்துக்கொள்."

"செய்யாத குத்தத்தை ஒத்துக்கச் சொல்றீங்களா, சாமி?"

ஜன்னலுக்கு வெளியே நின்ற அவன் பெண்சாதி குருவம்மா பொங்கிவிட்டாள். "நீங்களே கத்தியைத் தீட்டிக் கொடுப்பீங்க போலிருக்கே!"

"அம்மா, துறையில் நிற்கிற பிரெஞ்சுக் கப்பலுக்குப் போய் விசாரித்துவிட்டுத்தான் வருகிறேன். விவரத்தை இங்கே சொன்னால் காவல்காரன் துபாஷியிடம் சொல்லிவிடுவான். இவன் கை போனால் என் தலையும் போகட்டும். நம்பு."

மறுநாள் சபை நிறைந்திருந்தது. கப்பல் தலைவர் ரெனோவும் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். பல வருஷம் இந்தக் கரையில் வியாபாரம் செய்ததால் அவருக்குத் தமிழ் நன்றாக வரும்.

"என்னடா சொல்கிறாய்?" என்றார் ராஜா.

இருளப்பன் மந்திரியின் முகத்தைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு, "ஆமாம் மகாராஜா, அலிபிதான்" என்றான்.

"ஒத்துக்கொண்டான்!" என்று துபாஷி துள்ளினார்.

மந்திரி எழுந்தார். "துபாஷி சொன்னது முழுக்கச் சரி. இவனுக்கு இருப்பது அலிபிதான் என்று எழுதி அவர் கையெழுத்திடட்டும். மகாராஜாவின் முத்திரையும் விழட்டும்."

துபாஷி பூரிப்போடு கையெழுத்திட்டார். ராஜா முத்திரை வைத்தார்.

"இதை மாற்றக்கூடாதே, மகாராஜா?"

"என் முத்திரை விழுந்தது மாறாது."

மந்திரி கப்பல் தலைவர் பக்கம் திரும்பினார். "ஐயா, அலிபி என்றால் என்ன?"

"லத்தீன் வார்த்தை" என்றார் ரெனோ. "'வேறு இடத்தில்' என்று பொருள். குற்றம் நடந்தபோது நான் அங்கே இல்லை, வேறு இடத்தில் இருந்தேன் என்று ஒருவன் சொன்னால் அதற்குப் பெயர் அலிபி."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, சபையே சிரித்தது. இருளப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ராஜாவின் முகம் சிவந்தது. "அப்படியானால் நான் முத்திரை வைத்தது..."

"இருளப்பன் லாயத்தில் இல்லை, வேறு இடத்தில் இருந்தான் என்று, மகாராஜா. துபாஷியாரே சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்."

மைத்துனன் ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தான். தாழ்ப்பாள் சங்கதி வெளியே வந்தது.

"தாண்டவராயரே, கூண்டில் நின்றவர்கள் ஏன் கதறினார்கள் என்று இப்போது தெரிகிறதா?" என்றார் ராஜா. உடனே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உம்மை மட்டும் சொல்லி என்ன? அர்த்தம் தெரியாமல் முத்திரை வைத்தவன் நான்."

பிறகு ரெனோவிடம், "தீர்ப்புக்கு உங்கள் பக்கம் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டார்.

"இங்கிலீஷ்காரர்கள் வெர்டிக்ட் என்பார்கள். எங்கள் பழைய பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டது. 'உண்மையாகச் சொன்னது' என்று அர்த்தம்."

"அப்படியானால் இன்றைக்குத்தான் உண்மையான தீர்ப்பு ஒன்று சொல்லியிருக்கிறேன். அதுவும் தெரியாமல்!" என்று ராஜாவே சிரித்துவிட்டார்.

தன் முத்து மாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். குற்றம் சாட்டப்பட்டு நிற்கிறவனுக்குப் புரியும்படி அவன் பாஷையில் குற்றத்தைச் சொன்ன பிறகே விசாரணை தொடங்க வேண்டும் என்று அன்றே உத்தரவானது. அரண்மனை உத்தரவுகளைச் சந்தையில் நின்று எளிய தமிழில் விளக்குகிற வேலை துபாஷிக்கு. மீன் விற்கிறவள் 'புரிந்தது' என்று சொல்லும்வரை அவர் உட்காரக்கூடாது. மைத்துனன் குதிரைக்குச் சுளுக்கு விடும்வரை ஒத்தடம் கொடுத்தான்.

அரண்மனை வாசலில் குருவம்மா மந்திரியைக் கும்பிட்டாள். "நேத்து வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன், சாமி."

"நான் உன் இடத்தில் இருந்தால் இன்னும் பேசியிருப்பேன், அம்மா" என்றார் அவர்.

வீட்டுக்குப் போன இருளப்பன் மீன் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். மறுநாள் உச்சிவெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. உப்பளத்து ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "தூங்கட்டும் பாவம்" என்று சத்தமில்லாமல் வேலைக்குப் போனார்கள்.