வழுக்கினால் ஒரே மாதிரி வழுக்கணும்

"ரோடு பொய் சொல்லுதுங்க, வாத்தியாரம்மா!"

சென்னியப்பர் ஷெட்டுக்குள் நுழைந்த வேகத்தில் கதவு இரண்டு தடவை தானாக ஆடி நின்றது.

இடுப்பு வரைக்கும் சேறு. தோளில் ஒரு மக்காச்சோளத் தோகை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலையிலிருந்து ஆவி கிளம்பிற்று. அவர் கோபமாக இருக்கும்போது அந்த ஆவியில் ஒரு ஈடு இட்லி வேகும் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். வேக வைத்தும் பார்த்திருக்கிறார்கள். இட்லி கொஞ்சம் காரமாக இருந்ததாம்.

ஜைத்தூன் நிமிர்ந்து பார்க்கவில்லை. டயரில் அப்பியிருந்த பொடிக்கற்களை ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பொய் சொல்லுச்சுங்ண்ணா?"

அண்ணா என்று கூப்பிட்டாலும் அவள்தான் குரு. வயது முப்பத்திரண்டு. இந்த ஊஞ்சக்காட்டு ரேஸ் ட்ராக்கில் ஆறு வருஷம் தண்ணி லாரி ஓட்டியவள். எட்டாயிரம் லிட்டரைப் பின்னால் குலுங்க வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல், செக்கு வளைவை நூற்றிருபதில் எடுத்தாள் என்பார்கள். நூற்றிருபது பொய். நூற்றுப் பத்துதான்.

சென்னியப்பருக்கு நாற்பத்தொன்பது. ஐந்து தடவை கோப்பை வாங்கியவர். அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒன்றும் கிடைக்காமல் போகவே, மீசையை மடித்து வைத்துவிட்டு, "என்னையும் சேத்துக்கங்க" என்று தானாக வந்து நின்றவர்.

அந்த மீசை இப்போது விறைத்துக்கொண்டு நின்றது.

"காலைல ஏழு மணிக்குப் பனி. ரோடு பிடிக்கல. சரி, தூங்கி எந்திரிச்சிருக்குதுன்னு பொறுத்துக்கிட்டேன்."

"ம்."

"ஒம்பது மணிக்கு வெயில். டயரு சூடாச்சு. பசை போட்டு ஒட்டுன மாதிரி பிடிச்சுது. சரி, திருந்திருச்சுன்னு நம்புனேன்."

"ம்."

"பத்தே காலுக்கு, ரேஸ் நடுவுல, நாலு தூத்தல். நாலே நாலுங்க, எண்ணிட்டேன்! அதே செக்கு வளைவு, அதே வேகம், அதே ஆளு. தூக்கி மக்காச்சோளக் காட்டுல எறிஞ்சுருச்சு!"

"எத்தனை சுத்து சுத்துனீங்ண்ணா?"

"ஒம்பது."

"பதினொண்ணுங்க." வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. "நான் பின்னாடியேதான் வந்தேன்."

பல் டாக்டர் நல்லதம்பி. அதே டீம். வார நாளில் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டுவார். அன்று காலை ரேஸில் ஜெயித்தவர் அவர்தான். கோட்டைத் தாண்டியதும் அவருடைய எஞ்சின் சோற்றுப்பானை மாதிரி பொங்கிச் செத்துவிட்டது. சேற்றில் புரண்ட சென்னியப்பரின் காருக்கோ ஒரு கீறல்கூட இல்லை.

நாளைக்குக் கடைசி ரேஸ். மழை வரும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆள் இரண்டு, கார் ஒன்று. யார் ஓட்டுவது என்று சாயங்காலத்துக்குள் ஜைத்தூன் சொல்லியாக வேண்டும்.

"அண்ணனே ஓட்டட்டுங்க. எனக்கொண்ணும் இல்ல" என்றார் நல்லதம்பி.

சென்னியப்பருக்கு அதுதான் தாங்கவில்லை.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! எனக்குப் பிச்சை போடறாரு! வாத்தியாரம்மா, இவரு எப்படி ஜெயிச்சாருன்னு கேளுங்க. எல்லாரும் போற கறுப்புக் கோட்டுல இவரு போகவே இல்ல. அந்தப் பக்கம், ஆடு மேயற ஓரமா, சொரசொரன்னு கெடக்கற எடத்துல போறாரு. பல்லு ஆடுதான்னு தட்டிப் பாக்கற மாதிரி பிரேக்கைத் தொட்டுத் தொட்டு! இது ரேஸா, வைத்தியமா?"

"நீங்க எங்க போனீங்ண்ணா?"

"கறுப்புக் கோட்டுல. பின்ன? அந்தக் கோட்டைப் போட்டதே நான்தானுங்களே! இத்தனை வருஷமா என் டயரு தேஞ்சு தேஞ்சு ஒட்டுன ரப்பர் அது. வெயில்ல என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்குச்சு. நாலு சொட்டு விழுந்ததும் எண்ணெய் தடவுன மாதிரி ஆயிருச்சு. என் ரப்பர், வாத்தியாரம்மா! என் ரப்பரே என்னையத் தள்ளி விடுது!"

ஜைத்தூன் ஒரு கல்லை நோண்டி எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, எறிந்தாள்.

"இப்ப என்ன பண்ணணும்ங்ண்ணா?"

"நியாயம் வேணும்."

"சொல்லுங்ண்ணா."

"ரோடுன்னா ஒரே மாதிரி இருக்கணும். பிடிச்சா நாள் முழுக்கப் பிடிக்கணும். வழுக்கினா நாள் முழுக்க ஒரே மாதிரி வழுக்கணும். வழுக்கறதப் பத்திக்கூட எனக்கு வருத்தமில்ல. மாத்தி மாத்திப் பேசுது பாருங்க, அதைத்தான் பொறுக்க முடியல. ஒரே மாதிரி மட்டும் வெச்சுக் குடுங்க, கண்ணை மூடிட்டு ஓட்டறேன்."

ஜைத்தூன் முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

"நெசமாவா?"

"என் மீசை மேல சத்தியம்."

"சரிங்ண்ணா. செஞ்சுருவோம்."

சென்னியப்பர் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினார். பத்தொன்பது வருஷமாக எத்தனையோ பேரிடம் முறையிட்டிருக்கிறார். செஞ்சுருவோம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

*

ஷெட்டுக்குப் பின்னால், ரேஸ் பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்தும் சிமென்ட் தளம். சுற்றிலும் பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். அன்று மதியம் அது காலி.

ஜைத்தூன் நடுவில் ஒரு தகர டிரம்மை வைத்தாள். தண்ணி லாரியைக் கொண்டுவந்து தளம் முழுக்க நனைத்தாள். அப்புறம் ஒரு பேரல் சோப்பு ஆயிலை ஊற்றி, நீளக் கம்பு மாப்பால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்தாள். நடுவில் டாக்டர் ஓடிவந்து உதவி செய்தார். இரண்டு தடவை விழுந்தார். விழுந்த இடத்தையும் மறுபடி இழுத்து ஒரே மாதிரி ஆக்கினாள்.

வானத்தில் போன கொக்கு ஒன்று குளம் என்று நினைத்து இறங்கி, வழுக்கிக்கொண்டே அந்தக் கோடி வரை போய், அவமானத்தில் நடந்தே ஊர் திரும்பியது.

"எங்கியும் ஒரே மாதிரி வழுக்குதுங்ண்ணா. வெயில் வந்தாலும் மழை வந்தாலும் சோப்பு சோப்புதான். டிரம்மைப் பத்து சுத்து சுத்துங்க. டயர் அடுக்கைத் தொடக் கூடாது. சுத்திட்டா, நாளைக்குக் காரு உங்களுது."

"பத்து சுத்தா? பத்து நிமிஷ வேலை."

"கண்ணை மூடிக்கறீங்களா?"

"முதல் சுத்து மட்டும் தொறந்துக்கறேன்."

*

சென்னியப்பர் கிளட்சை விட்டார்.

சக்கரம் ஓடியது. வண்டி நின்றது. முள் அறுபதைக் காட்டியது. சென்னியப்பர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

மெதுவாக விட்டுப் பார்த்தார். வண்டி நகர்ந்தது. சந்தோஷப்பட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். ஸ்டியரிங் திரும்பியது. வண்டி அதைக் கவனிக்காமல் நேராகப் போனது. பிரேக்கை மிதித்தார். வண்டி பின்பக்கத்தை முன்னால் கொண்டுவந்து, அவரை ஜைத்தூன் பக்கம் திருப்பி, கும்பிடு போடுவது போல நின்றது.

மறுபடி எடுத்தார். மறுபடி கும்பிடு.

மூன்றாவது கும்பிடில் டாக்டர் பதிலுக்குக் கும்பிட்டார்.

"சிரிக்காதய்யா, பல்லு புடுங்கி!"

டயர் அடுக்கில் இடித்தார். பின்னால் எடுத்தார், எதிர்ப்பக்க அடுக்கில் இடித்தார். ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"இதென்ன அநியாயம், வாத்தியாரம்மா!"

"மாத்தி மாத்திப் பேசுதுங்களா?"

"இல்ல."

"பொய் சொல்லுதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது! எங்க திருப்பினாலும் ஊமை மாதிரி கெடக்குது! ஒரு மனுசன் எதைப் புடிச்சுட்டுத் திரும்பறது?"

"நீங்க கேட்டதுதானுங்ண்ணா."

"நான் கேட்டேன்தான். கேட்டா, இப்படியா செஞ்சு குடுப்பாங்க?"

ஜைத்தூன் நிழலில் போய் உட்கார்ந்தாள்.

சென்னியப்பர் கண்ணாடியை ஏற்றினார். உள்ளே இருந்து அவர் ரோட்டைத் திட்டினார், சோப்பைத் திட்டினார், சோப்பைக் கண்டுபிடித்தவனின் அப்பாவைத் திட்டினார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியாமல் போயிற்று. வெயில் சாய்ந்தது. ஒரு சுற்றுகூட ஆகவில்லை. நாளைக்கு டாக்டர் அவருடைய சீட்டில் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓரமாகத் தட்டித் தட்டிப் போவதை நினைத்தார்.

திட்டக்கூட வார்த்தை தீர்ந்துபோனபோது, வண்டி தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு மேற்கு மூலைக்குப் போனது. அவர் கையை மடியில் வைத்துவிட்டார். போகட்டும்.

அப்போது முதுகில் ஒன்று தெரிந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்குக் கேட்கவில்லை. இடதுபக்கப் பின்சக்கரத்திலிருந்து சீட்டு வழியாக முதுகுத்தண்டில் ஒரு சின்னக் கிள்ளல். கிர்ர்.

போய்விட்டது.

சென்னியப்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சொர்க்க வாசல் திறந்து மூடியது போல இருந்தது.

ஒருக்களித்து, ஊர்ந்து, மறுபடி அந்தப் பக்கம் போனார். இல்லை. ஒரு முழம் தள்ளிப் போனார். இல்லை. ஒரு சாண்.

கிர்ர்.

ஜன்னலை இறக்கிப் பார்த்தார். எப்போதோ சிமென்ட் பெயர்ந்து, பெரிய ஜல்லி போட்டு ஒட்டுப்போட்ட இடம். ஒரு பாய் அகலம். சோப்பு அந்த இடுக்குகளில் இறங்கிவிட, ஜல்லியின் மூக்குகள் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

சக்கரத்தை அதன்மேல் கொண்டுவந்து, முட்டையை வைப்பது போல பிரேக்கைத் தொட்டார். வண்டி அங்கே ஒரு கணம் நின்று, யோசித்து, திரும்பியது.

திரும்பியது! அத்தனை நேரத்தில் முதல் தடவையாக, அவர் சொன்ன பக்கம்.

ஒரு சுற்று.

திரும்ப அந்த இடத்துக்கு வருவதற்கு எங்கே காலை எடுக்க வேண்டும், எவ்வளவு முன்னால் ஸ்டியரிங்கைத் திருப்பி வைக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டார். நத்தை வேகம். தப்பினால் இன்னும் மெதுவாக. இரண்டு. மூன்று. வாய் திறந்திருந்தது. மீசை கீழே இறங்கிவிட்டது. நான்கு. ஐந்து.

"அண்ணன் தொட்டுத் தொட்டுப் பாக்கறாருங்க" என்றார் டாக்டர் மெதுவாக.

ஆறு. ஏழு.

"வாத்தியாரம்மா!" சென்னியப்பர் ஜன்னல் வழியாகக் கத்தினார். "இங்க ஒரு எடத்துல பிடிக்குதுங்க!"

ஜைத்தூன் துள்ளி எழுந்தாள்.

"அடடா, எங்கீங்ண்ணா?"

"இந்த மூலைல! ஒரு பாய் அகலம் இருக்கும்!"

"மன்னிச்சுக்குங்ண்ணா, என் தப்புதான். எங்கியும் ஒரே மாதிரி இருக்கும்னு உங்களுக்கு வாக்கு குடுத்தேனே."

ஷெட்டுக்குள் போனாள். ஒரு கையில் கிரீஸ் டப்பாவும் இன்னொரு கையில் கரண்டியுமாக வந்தாள். சோப்பின் மேல், அவளுக்கு மட்டும் வழுக்காதது போல, நேராக அந்த மூலைக்கு நடந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"பூசி விட்டுடறேனுங்ண்ணா. அஞ்சு நிமிஷம். அப்புறம் அதுவும் ஒரே மாதிரி ஆயிரும்."

சென்னியப்பர் ஓடும் காரிலிருந்து இறங்கினார். கார் அவர் இல்லாமல் கொஞ்சம் தூரம் போய், டயர் அடுக்கில் சாய்ந்து நின்றது. அவர் நான்கு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் கால் மேலே போனது, முதுகு கீழே வந்தது. படுத்த வாக்கிலேயே வழுக்கிக்கொண்டு போய், அவளுக்கு முன்னால் அந்த மூலையை அடைந்து, ஜல்லியின் மேல் குப்புறப் புரண்டு, கை இரண்டையும் விரித்துக்கொண்டார்.

"தொடக் கூடாது!"

"ஏனுங்ண்ணா? நீங்கதானே..."

"கரண்டியக் கீழ போடுங்க! சொல்லிட்டேன்! யாரு கை வெச்சாலும் நல்லா இருக்காது! என்னங்க நியாயம் இது? அத்தனை ரோட்டுலயும் இது ஒண்ணுதான் வேற மாதிரி இருக்குது. அதையும் பூசப் பாக்கறீங்களே!"

சோப்பு நுரை அவர் மூக்கில் ஒரு குமிழியாக எழும்பி நின்றது.

அப்போதுதான், தான் சொன்னது சென்னியப்பரின் காதிலேயே விழுந்தது.

கன்னத்துக்கு அடியில் ஜல்லி குத்தியது. அவர் கன்னத்தை எடுக்கவில்லை.

ஜைத்தூன் டப்பாவை மூடினாள்.

"டாக்டரே, நாளைக்குக் காரை அண்ணா ஓட்டுவாரு."

"இன்னும் மூணு சுத்து பாக்கி இருக்குதுங்களே?" என்றார் டாக்டர்.

"அதை மழையில ஓட்டுவாரு."