அண்ணாச்சி ஏறாத சக்கரம்

"யானை ஏறினாலும் கோணாது" என்று போர்டு வைத்து, மலிவு விலையில் சைக்கிள் சக்கரம் விற்றார் துரைப்பழம் அண்ணாச்சி. மீன் விற்கும் லூர்தம்மாள் வாங்கிய சக்கரம் மூன்றே நாளில் நெளிந்து, கூடை மீனெல்லாம் ரோட்டில் கொட்டிவிட்டது.

"கூடையை ஏத்தினா அப்படித்தான். ஒரு ஆள் கனத்துக்கே கோணும்னு காட்டு, மாத்தித் தாரேன்" என்றார் அண்ணாச்சி.

அதே ரகத்தில் புதுசு ஒன்றைத் தன் சைக்கிளில் மாட்டச் சொன்னாள் லூர்தம்மாள். சந்தையே கூடிவிட்டது.

"ஏறுங்க அண்ணாச்சி. நீங்களும் ஒரு ஆள்தானே."

அண்ணாச்சி குனிந்து தன் தொந்தியைப் பார்த்தார், அப்புறம் சக்கரத்தைப் பார்த்தார். கால் தரையை விட்டு எழும்பவில்லை.

"சரி தாயி, இந்தப் புதுசையே வச்சுக்கோ."

"இது வேண்டாம் அண்ணாச்சி. உங்க சைக்கிள்ல மட்டும் வேற கடைச் சக்கரம் ஓடுதே, அதைக் கழட்டித் தாங்க."